டெஸ்ட் தேதியைத் தவறவிடாதீர்கள்

(2020-21 கொரோனா காலத்தில், சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரி ஒன்றின் குழுவில் அப்போதைய விதிகளின்படி எழுதிய செய்தி)

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். டார்மிட்டரியில் இருக்கும் நாம் எல்லோரும் 14 நாளுக்கு ஒருமுறை கொரோனா டெஸ்டுக்காக மூக்கில் சுவாப் (பஞ்சுக் குச்சியில் மாதிரி) எடுத்தே ஆக வேண்டும். தேதி தவறினால், வேலைக்குப் போகலாம் என்று போன் ஆப்பில் காட்டும் பச்சை நிறம் சிவப்பாகிவிடும், அப்புறம் வேலைக்குப் போக முடியாது. நேற்று நம் மாடியில் இரண்டு தம்பிகளுக்கு அப்படித்தான் ஆனது.

காய்ச்சல், தொண்டை வலி, வாசனை தெரியவில்லை என்றால் மாத்திரை போட்டு மறைக்காதீர்கள். சம்பளம் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது, ஊரில் கடன் இல்லாதவர் யார்? ஆனால் தனிமைப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தால் அந்த நாட்கள் சம்பளத்தோடு கூடிய மருத்துவமனை விடுப்பாகவே கணக்காகும் என்று மனிதவள அமைச்சு சொல்லியிருக்கிறது. கம்பெனி மறுத்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகார் கொடுக்க நானும் கூட வருகிறேன்.

டார்மிட்டரிகளில் கொரோனா வேகமாகப் பரவிய 2020 ஏப்ரலை மறந்துவிட வேண்டாம். ஒரே அறையில் 12 பேர், ஒரே கழிப்பறை வரிசை. ஒருவர் மறைத்தால் போதும், அறை முழுக்க வந்துவிடும்.

டெஸ்ட் எடுத்து முடிவு வரும்வரை தனி அறையில் இருக்கும் தம்பிகளுக்குச் சாப்பாடு கதவருகே வைக்கப்படும். தினமும் இரண்டு முறை காய்ச்சல் பார்த்து ஆப்பில் போடுங்கள்.

இன்றிரவே அவரவர் தேதியைப் பார்த்து இங்கே எழுதுங்கள். ஆப் திறக்கத் தெரியாத அண்ணன்கள் எட்டு மணிக்கு மேல் என் அறைக்கு வெளியே வாருங்கள், முகக்கவசத்தோடு.