இந்தக் காரை எந்த உலையில் உருக்குவீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வாகனங்களைக் கழித்துக்கட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினைந்து வருடம் ஓடிய காரை ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்தால் புதுக் கார் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும், அதன் இரும்பு உலைக்குப் போய் மறுபடி இரும்பாகும், எல்லோருக்கும் லாபம் என்று எழுதியிருந்தார்கள். இரும்புக் காருக்கு அது சரி. என் வீட்டு ஷெட்டில் நிற்கும் காருக்குக் கதவு, கூரை, பானெட் எல்லாமே ஃபைபர், அதாவது பிசினில் ஊறி இறுகிய கண்ணாடியிழை. இதை எந்த உலையில் போட்டு உருக்குவார்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கார் 1984-இல் பதிவான சிபானி டால்பின். இளைய வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் ரிலையன்ட் என்ற கம்பெனி, கிட்டன் என்று ஒரு சின்னக் காரைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு உரிமம் வாங்கி பெங்களூரில் சிபானி நிறுவனத்தார் 1982 வாக்கில் டால்பின் என்ற பெயரில் இறக்கினார்கள். (நம் நாட்டு ரிலையன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வாய் வலிக்கிறது.) அதற்கு முன் பாதல் என்று மூன்று சக்கர ஃபைபர் கார் ஒன்றையும் அவர்கள் விட்டுப் பார்த்தார்கள். டால்பினில் 848 சி.சி. அலுமினிய எஞ்சின். கீழே இரும்பு சேஸி என்கிற அடிச்சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய ஃபைபர் உடல். எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்களுக்கு இதன் மேல் ஒரு கண். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்க்கப் போனவர்களுக்கு இதை நினைவிருக்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அப்புறம் ‘பிளாஸ்டிக் கார்’ என்று சிரித்தவர்கள்தான் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

நான் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வண்டி கடலூரில் எனக்குப் பழக்கமான ஒரு டாக்டர் குடும்பத்துடையது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் அவர்கள் தோட்டத்துத் தென்னை சாய்ந்து கூரையும் இடது கதவும் உடைந்துபோயின. அந்தச் சமயம் நாங்கள் ராத்திரி பகலாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தோம். காரைப் பற்றி யார் நினைத்தார்கள்? தார்ப்பாய் போட்டு மூடியது மூடியபடியே கிடந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு, “எடுத்துட்டுப் போறதா இருந்தா எடுத்துக்கோங்க” என்று ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்தார்கள். பெயர் மாற்றமெல்லாம் முறைப்படி செய்தாயிற்று.

டிங்கரிங் பட்டறையில் காட்டினால், “இதுல வெல்டிங் நிக்காது சார்” என்று கையை விரித்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, அது அவர்கள் தொழில் இல்லை. இது யாருடைய தொழில் என்று யோசித்தபோது விடை கடற்கரையில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டக் கடலோரம் முழுக்க ஃபைபர் படகுதான். கட்டுமரம் போட்டுப் பிழைத்த குப்பங்களில் இன்று ரெசின் என்கிற பிசினும் மேட் என்கிற கண்ணாடியிழை விரிப்பும் தெரியாத வீடு இல்லை. சோனங்குப்பத்தில் படகு ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு ரூபாய்க் காசை எடுத்து உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கேட்டது, சில இடத்தில் ‘பொத்’ என்றது. பொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வெளியே விரிசலே தெரியாத இடங்களிலும் வட்டம் விழுந்தது. “மேல பெயின்ட் நல்லா இருக்கு சார், உள்ள அடுக்கு விட்டுப்போச்சு” என்றார்.

கதவுக் கீலைச் சுற்றித்தான் பெரிய வட்டம். கீலைத் தாங்குவதற்காக உள்ளே ஒரு இரும்புத் தகட்டை வைத்து மேலே ஃபைபர் போட்டு மூடியிருக்கிறார்கள். முப்பது, நாற்பது வருடக் கடல் காற்றில் அந்தத் தகடு துருப்பிடித்து ஊதி, உள்ளிருந்தே ஃபைபரைப் பிளந்திருக்கிறது. துருப்பிடிக்காத உடல் என்று இந்தக் காரை வாங்கியவர்கள், அதற்குள் புதைந்திருக்கும் இரும்பையும் அடியில் இருக்கும் சேஸியையும் மறந்துவிட்டார்கள். சேஸியைச் சுரண்டித் துரு எடுத்து, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்தது தனிக் கதை. அதை எந்த வெல்டரும் செய்வார்.

ஃபைபர் வேலைதான் நான் கற்றுக்கொண்டது. உடைந்த ஓரத்தை உள்பக்கமிருந்து கிரைண்டரால் அகலமாகச் சரிவு வைத்துத் தேய்க்க வேண்டும். பழைய அடுக்குக்கும் புது அடுக்குக்கும் பிடிப்பு கிடைப்பது அந்தச் சரிவில்தான். மேலே பட்டி போட்டு மெழுகுவது வேலையே இல்லை என்பார் தம்பி. அந்தத் தூசு தோலில் பட்டால் ராத்திரி தூக்கம் போச்சு, அப்படி ஒரு அரிப்பு. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க் எல்லாம் போட்டுத்தான் ஆக வேண்டும். மூக்கில் துண்டு கட்டினால் போதாது. பிறகு ரெசின். அதில், இறுகுவதை வேகப்படுத்துகிற ஊதா நிறக் கோபால்ட் திரவத்தை முதலில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். ஒட்டப் போகிற நேரத்தில் மட்டும், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட். இவை இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் குபீரென்று தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அதனால் இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்கவே தம்பி விடவில்லை. வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அடுப்படிக்குப் பக்கத்து ஷெட் என்பதால் ரெசின் டப்பா திறந்திருக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரம்மா அடுப்பையே பற்றவைக்கவில்லை. அந்த நாட்களில் ஓட்டல் இட்லிதான்.

கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் இருபது மில்லி வரை விடலாம். கடலூர் சித்திரை வெயிலில் பத்தே அதிகம். கலக்கிய மக் கையில் சுட ஆரம்பித்தால் அது போச்சு, தூக்கி எறிய வேண்டியதுதான். அதனால் விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் வேலை. மேட்டை வெட்டி வைத்து, பிரஷ்ஷால் இழுக்காமல் ஒற்றி ஒற்றி ரெசின் ஏற்ற வேண்டும். வெள்ளையாக இருந்த மேட் அரிசி வடகம் எண்ணெயில் போட்டதற்கு நேர்மாறாக, ஊறியதும் கண்ணாடியாகிவிடும். எங்கே வெள்ளைப் புள்ளி நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். ரோலரை உருட்டி அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றணும். தென்னை விழுந்த கூரை இப்படித்தான் அடுக்கடுக்காக எழுந்து நின்றது. இப்போது அதன் மேல் நான் கையை ஊன்றி நிற்கிறேன், அசையவில்லை. இதே தென்னை ஒரு இரும்புக் கூரையில் விழுந்திருந்தால் முழுக் கூரையையும் வெட்டி எடுத்து வேறு கூரை தேட வேண்டியிருந்திருக்கும்.

ஒயரிங் விஷயத்தில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, ஹெட்லைட் போட்டால் ஹாரன் இருமுகிறது. பழைய மெக்கானிக்குகள் பல்பையும் ரிலேவையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது ஐயா! இரும்புக் காரில் உடலே எர்த், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி அதுதான். இதில் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் சேஸி வரை வர வேண்டும். ‘கூடுதல் ஒயர்’ என்று நினைத்து யாரோ பாதியை வெட்டியிருக்கிறார்கள், மீதி பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சேஸியைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, தடித்த தாமிரக் கம்பியால் பேட்டரி நெகட்டிவோடு சேர்த்தேன். சர்வீஸ் முழுக்க எர்த்தும் நியூட்ரலும் பார்த்தவனுக்கு இது ஒரு சாயங்கால வேலை.

எஞ்சினுக்கு ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி அலுமினியத்தை அரித்து வைத்திருந்தார்கள். நல்லவேளை, பிஸ்டன் ஓடும் உள்குழாயான ஸ்லீவைத் தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரி அமைப்பு, தப்பித்தது. இப்போது கூலன்ட் மட்டும்தான்.

இனி நான் எழுத வந்த விஷயம். இறுகிய ரெசின் மறுபடி இளகாது. சூடாக்கினால் உருகாமல் கருகிக் கரும்புகைதான் விடும். அப்படியென்றால் ஒரு ஃபைபர் காரை ஸ்கிராப்புக்குக் கொடுத்தால் சேஸியும் எஞ்சினும் மட்டும் உலைக்குப் போகும், உடல் குப்பைமேட்டுக்குத்தான் போகும். கெடிலம் ஆற்றங்கரையில் கைவிட்ட படகு ஓடுகள் கிடப்பதைப் பார்ப்பவர்களுக்கு இது விளக்க வேண்டாத விஷயம். இப்படிப்பட்ட வண்டியைச் சரிசெய்து ஓட்டுவதுதான் சுற்றுச்சூழலுக்கும் நல்லது. ஆனால் விதியில் அதற்கென்று தனி இடம் இல்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்தால் ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி எண், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் என் வண்டி 2034-இல்தான் அந்த வயதை எட்டும். அதுவரை இது வெறும் பழைய கார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். புகை கக்கிக்கொண்டு தினம் ஊர் சுற்றுகிற வண்டிக்கும், மாதம் ஒரு நாள் வெள்ளிக் கடற்கரை வரை போய்த் திரும்புகிற வண்டிக்கும் ஒரே கணக்கு.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. விண்டேஜ் விதிப்படி சேஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவைப் புதுப்பிக்கப் போனபோது வண்டியை ஆய்வு செய்த அலுவலர் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது ஒரிஜினல் பாடியா, நீங்க கட்டினதா?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், கேள்வியும் சரியான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் எழுத படிவத்தில் இடம் இல்லை. அதே பொருளால், அதே வடிவத்தில், அதே தடிமனில் மறுபடி அடுக்கிய உடல் மாற்றமா, ரிப்பேரா? 2034-இல் வேறொரு அலுவலர் வந்து மாற்றம் என்று சொல்லிவிட்டால் நான் எதைக் காட்டுவது?

பிரிட்டனில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். என் அக்கா மகன் அங்கேதான் இருக்கிறான். அவன் பக்கத்து வீட்டுக்காரர் கிட் கார் என்று பாகம் பாகமாக வாங்கி, தன் ஷெட்டிலேயே ஒரு ஃபைபர் காரைக் கட்டிக்கொண்டிருக்கிறாராம். கட்டி முடித்ததும் அந்த ஒரு வண்டிக்கென்றே தனி ஒப்புதல் பரிசோதனை உண்டு. பிரேக், விளக்கு, கூர்மையான ஓரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சான்று தருகிறார்கள். 40 வருடம் தாண்டிய வண்டிக்கு அங்கே சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால் வருடாந்திரப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. வீட்டில் புதுக் கார் கட்ட இங்கே அனுமதி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, நம் சாலைக்கு அது வேண்டவும் வேண்டாம். இருக்கிற வண்டியைக் காப்பாற்ற வழி விடுங்கள் என்கிறேன். 50 என்பதை 40 ஆக்கலாம். ஃபைபர் உடலை அதே ஃபைபரால் சரிசெய்வது மாற்றம் ஆகாது என்று ஒரு வரி சேர்க்கலாம். வேலை நடக்கும்போது எடுத்த படங்களை ஆதாரமாக ஏற்கலாம். அவ்வளவுதான் கோரிக்கை. டால்பின் மட்டுமில்லை, தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம் என்ற காருக்குக் கூட ஃபைபர் உடல்தான். கோவையில் பந்தய வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்கள் செய்து காட்டிய மாநிலம் இது. இங்கே ஃபைபர் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை.

கடைசியாக வாசகர்களிடம் ஒன்று. என் வண்டிக்கு முன்கண்ணாடி ரப்பர் பீடிங் எங்கும் கிடைக்கவில்லை. வேறு கார் பீடிங்கை வெட்டி வைத்துப் பார்த்தேன், மூலையில் மடங்குகிறது, மழை பெய்தால் டேஷ்போர்டில் சொட்டுகிறது. எந்த ஊரிலாவது ஷெட்டில் ஓடாத டால்பின் வைத்திருப்பவர்கள், அல்லது பழைய ஸ்டாக் உள்ள ஸ்பேர்ஸ் கடைக்காரர்கள், தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவித்தால் உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கிடைத்தால் உபகாரம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரிய போர்மேன்,
கடலூர் முதுநகர்.