கஹோன் வாசிக்கும் மலருக்கு

அன்புள்ள மலர்,

பொங்கலுக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் நீ கஹோன் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதைத் தட்டி வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது. உள்ளங்கை நடுப்பலகையில் விழுந்தால் ‘தும்’, விரல்கள் மேல் விளிம்பில் விழுந்தால் ‘டக்’. “இது ஸ்பெயின் வாத்தியம் அத்தை” என்றாய். அப்போது நான் மறுத்துப் பேசவில்லை. படியிறங்கும்போது நீ சொன்ன இன்னொன்றுதான் மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. மேடையேறும் முன் ஒருவர் உன்னிடம், “கறுப்பா தெரியறே, இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கோ” என்றாராமே. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

கஹோன் ஸ்பெயினுக்குப் போனதே 1970களின் பிற்பகுதியில். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் போன ஸ்பெயின் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா, அங்கே கஹோன் கலைஞர் கைத்ரோ சோத்தோ வாசித்ததைக் கேட்டுச் சொக்கிப்போய், ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுவந்தார். உன் பெட்டிக்குள் கரகரக்கிற கம்பிகள் அதன்பிறகு சேர்ந்தவை. பெருவின் பழைய கஹோன் வெறும் மரம்தான்.

அந்த மரத்தைத் தட்டிய கைகள், பெருவின் கரையோரத்துக்கு அடிமைகளாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையவை. அவர்களின் முரசுகளை அங்கே ஆட்சி செய்த ஸ்பானியர்கள் ஒடுக்கினார்கள் என்பார்கள். கைக்குக் கிடைத்ததெல்லாம் தாளமானது. சரக்குப் பெட்டி கஹோன் ஆயிற்று. தேவாலயக் காணிக்கைப் பெட்டி, மூடியைப் படபடவென்று அடிக்கும் கஹித்தா ஆயிற்று. கழுதையின் தாடையெலும்பைக் காயவைத்து முஷ்டியால் குத்தினால், ஆடும் பற்கள் குழிகளுக்குள் கடகடவென்று அதிரும். அதுவும் ஒரு வாத்தியம். பெருவில் அடிமை முறை ஒழிந்தது 1854-இல். கஹோன் நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று அரசு அறிவித்தது 2001-இல். பெட்டியை எடுத்துக்கொண்டு அதைத் தட்டியவர்களை விட்டுவிடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை, மலர்.

உன் பவுடர் கதைக்கு வருகிறேன். விக்தோரியா சாந்தா குரூஸ் 1922-இல் பெருவின் தலைநகர் லிமாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோது, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பொன்னிறக் கூந்தல்காரச் சிறுமி, இந்தக் கறுப்பி விளையாடினால் தான் வரமாட்டேன் என்றாளாம். விக்தோரியாவின் சிநேகிதிகளோ அவரைத்தான் போகச் சொன்னார்கள். வளர்ந்தபின் தம்பி நிகோமெதெஸுடன் சேர்ந்து நாடகக் குழு நடத்தினார், மறைந்துகொண்டிருந்த, பெருவின் கறுப்பின மக்களுடைய லண்டோ ஆட்டத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தெருவையும் மறக்கவில்லை, கவிதையாக்கினார்.

அவர் அதை நிகழ்த்தும் 1978-ஆம் ஆண்டுப் படப்பதிவு இருக்கிறது. பின்னால் ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டே “நேக்ரா!” என்று கத்துகிறது. ஸ்பானிஷில் கறுப்பி என்று அர்த்தம். நம் தெருவில் கேட்கிற அதே சொல், அதே தொனி. அந்தச் சிறுமி கூனிக் குறுகுகிறாள், பின்வாங்குகிறாள். சுருள்முடியை நேராக்குகிறாள், முகத்தில் பவுடர் பூசுகிறாள். பவுடர், மலர்! எனக்கு அந்த இடத்தில் உன் முகம்தான் வந்தது. பிறகு ஒரு கணத்தில், ‘இருந்தால் என்ன?’ என்கிற மாதிரி தலையை நிமிர்த்துகிறார். கைதட்டல் ஓயவில்லை, சொல்லும் மாறவில்லை. ஆனால் இப்போது ‘நேக்ரா’ அவர் வாயிலிருந்து வருகிறது, கூட்டம் அவர் பின்னால் நிற்கிறது.

பதிவை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் தோள்களைப் பார்த்துக்கொண்டே இரு. சித்திரையில் வரும்போது கம்பியைத் தளர்த்திவிட்டு ஒருமுறை வாசி. வெறும் மரம் எப்படிப் பேசுகிறதென்று உன் கையில் கேட்கவேண்டும்.

அன்புடன்,
அத்தை