வேப்பெண்ணெய்ங்கிற வார்த்தைய விலைக்கு வாங்கினவங்களுக்கு ஒரு திறந்த மடல்

என் மாடித்தோட்ட பிளாக்ல உங்க கிளையண்ட் தளத்துக்கு லிங்க் வேணும், நீங்க எழுதின கட்டுரைய கெஸ்ட் போஸ்ட்டா போடணும்னு வாரத்துக்கு மூணு மெயில் போடுற ஏஜென்சி தம்பி தங்கச்சிகளுக்கு,

வணக்கம். நீங்க என்னை "டியர் சார்"னுதான் கூப்பிடுவீங்க. பிளாக்கோட முதல் பக்கத்துலயே கத்தரிக்காய் கூடையோட நான் நிக்கிற போட்டோ இருக்கு, அதுல சார் எங்க தெரியுறாருன்னு எனக்கு விளங்கல, போகட்டும். "உங்கள் கட்டுரைகளை ஆர்வமுடன் படித்தோம்"னு ஆரம்பிப்பீங்க, படிச்சிருந்தா மாடித்தோட்டத்தத் தவிர வேற எதுவும் எழுதாத ஒருத்திகிட்ட கிரிப்டோ பத்தி ஒரு கட்டுரை போட எவ்வளவுன்னு கேட்டிருக்க மாட்டீங்க. அதுவும் போகட்டும்.

இந்த லெட்டர் உங்க எல்லாருக்கும்தான், ஆனா எழுத வச்சது உங்கள்ல ஒருத்தர் பண்ண வேலை. பேர் போடல, அவருக்கே தெரியும்.

முதல்ல என் தப்ப சொல்லிடறேன். ஏழு வருஷமா எழுதறேன், தொட்டி மண் கலவை, மண்புழு உரம், அவரைக்கொடிக்கு பந்தல்னு, எல்லாம் என் மாடியில செஞ்சு பாத்தது. இதுல சம்பாதிக்கணும்னு ஆரம்பிக்கல, ஆனா டொமைன்ங்கிற தள முகவரிக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருஷா வருஷம் கையில இருந்துதான் போகுது. 2018 பிப்ரவரில கூகுளோட விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்துடுச்சேங்கிற தைரியத்துலதான் நானும் விளம்பரம் போட்டேன், நூறு டாலர் சேந்தாதான் அக்கவுண்ட்டுக்கு அனுப்புவாங்க, எனக்கு அந்த நூறு சேர ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆச்சு. அந்த நேரம் பாத்து ஒரே ஒரு லிங்க்குக்கு மூவாயிரம் ரூவான்னு மெயில் வந்தா கை அரிக்காதா, அரிச்சுது, வாங்கிட்டேன்.

மாவுப்பூச்சிய விரட்டுறது எப்படின்னு ஒரு பழைய கட்டுரை, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைசல், சாயங்காலமா இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி அடிக்கணும், இவ்வளவுதான் விஷயம். அதுல "வேப்பெண்ணெய்"ங்கிற வார்த்தை மேல ஒரு விதைக்கடைக்கு லிங்க் குடுக்கணும்னு கேட்டாரு. வார்த்தை கூட அவரே பொறுக்கி எடுத்தாரு. சரிங்க, ஓரமா "விளம்பரம்"னு போட்டு ஸ்பான்சர்டுன்னு ஒரு குறியும் வச்சுடறேன்னேன். உடனே பதில்: "குறி வச்சா பேமெண்ட் கிடையாது மேடம். டூஃபாலோ, பெர்மனென்ட், விளம்பரம்னு எங்கயும் வரக்கூடாது." டூஃபாலோன்னா குறி எதுவும் இல்லாத லிங்க், பெர்மனென்ட்னா எடுக்கவே கூடாது.

இந்தக் குறி என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, இருந்தாலும் என்னை மாதிரி எழுதுறவங்க இத படிப்பாங்கல்ல, அதுக்காக சொல்றேன். ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் குடுத்தா அத கூகுள் ஒரு சிபாரிசு மாதிரி எடுத்துக்கும். காசு வாங்கிட்டு குடுத்த சிபாரிசு சிபாரிசு இல்லைங்கிறதுக்காகத்தான் குறி. 2005ல, இத சிபாரிசா எடுத்துக்காதேன்னு சொல்ற நோஃபாலோன்னு ஒரு குறி வந்துச்சு, 2019ல காசு குடுத்த லிங்க்குக்குன்னே தனியா ஸ்பான்சர்டுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பக்கத்தோட கோடிங்ல ஒரே ஒரு வார்த்தை, படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, அமுக்கினா கடை திறக்கத்தான் செய்யும். நிஜமாவே விதை விக்கணும்னு நினைக்கிற கடைக்கு இதுல ஒரு பைசா நஷ்டம் இல்ல. அப்ப ஏன் அந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பயப்படுறீங்க? ஏன்னா உங்களுக்கு என் வாசகர் வேணாம். நான் அந்தக் கடைய நம்புறேன்னு ஒரு பொய் கையெழுத்து வேணும், அவ்வளவுதானே?

நம்ம ஊர் கோயில்ல டியூப்லைட் வாங்கிக் குடுத்தா கூட, வெளிச்சமே வராத அளவுக்கு "உபயம்"னு பேர் எழுதித்தான் மாட்டுவாங்க. குடுத்தவர் பேர் ஊருக்கே தெரியணும்னு நினைக்கிற நாட்டுல, காசு குடுத்தது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அக்ரிமெண்ட் போடுற ஆளுங்கன்னா அது நீங்கதான். அதனால இப்பவே கேட்டுடறேன், காசு குடுத்த லிங்க்குன்னா குறி போட விடுங்க.

சரி, நடந்ததுக்கு வர்றேன். அம்பாசமுத்திரம் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார் ஐயா ஒருத்தர் இருக்காரு, மாசத்துல ரெண்டு தடவையாவது போன் பண்ணி அவர் வீட்டு வெண்டைச் செடியோட ஜாதகத்தையே சொல்லுவாரு. இந்த சித்திரையில ஒருநாள் காலையில கூப்பிட்டாரு. "ஏம்மா, வேப்பெண்ணெய்ய அமுக்கினா சீட்டுக்கட்டு வருதே? ஆயிரம் ரூவா போனஸுங்குது, பேரன் போன வாங்கி வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கான்." எனக்கு ஒண்ணும் புரியல. லாப்டாப்ல திறந்து பாத்தேன், அதே விதைக்கடை, அதே பூசணிக்காய் படம். அவர் வேற எங்கயோ அமுக்கியிருப்பாருன்னு நினைச்சுட்டேன். அப்புறம் பொண்ணு அவ போன்ல திறந்து காட்டினா, ஒரு செகண்ட் வெள்ளையா நின்னு அப்படியே ரம்மி வந்து விழுது, பின்னால போகவும் விடல. கம்ப்யூட்டர்ல பாக்குறவங்களுக்கு பூசணிக்காய், போன்ல பாக்குறவங்களுக்கு சீட்டுக்கட்டு! என்னை மாதிரி செக் பண்றவ லாப்டாப்ல பாப்பா, மாடியில செடிகிட்ட நிக்கிற மனுஷன் போன்லதான் பாப்பாருன்னு யாரோ உக்காந்து யோசிச்சு செஞ்சிருக்காங்க.

திரும்ப ஐயாவ கூப்பிட்டு சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டல. "உனக்குத் தெரியாம நடந்திருக்கும்மா, விடு"ன்னு எனக்கே சமாதானம் சொன்னாரு. எனக்குத் தெரியாமத்தான் நடந்துச்சு, ஆனா மூவாயிரம் எனக்குத் தெரிஞ்சுதானே வந்துச்சு. அந்தப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். பணம் ஏதும் கட்டினானான்னு கேக்க எனக்கு வாய் வரல, இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

லிங்க்க அன்னைக்கே பிடுங்கிட்டு உங்காளுக்கு மெயில் போட்டேன். பதில் என்ன தெரியுமா? "கிளையண்ட் டொமைன வேற ஆளுக்கு வித்துட்டாரு மேடம், நாங்க பொறுப்பில்ல. ஆனா பெர்மனென்ட்னு பேசினது, லிங்க்க எடுத்ததால ரீஃபண்ட் பண்ணணும்." விக்கிறதுக்கு அவருக்கு உரிமை இருக்கு, பிடுங்குறதுக்கு எனக்கு இல்ல, நல்லா இருக்குங்க உங்க நியாயம்.

ஆன்லைன்ல பணம் வச்சு ஆடுற ஆட்டத்துக்கு விளம்பரம் பண்ணா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்னு 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல சட்டமே போட்டாச்சு. எனக்குத் தெரியாது சார், விதைக்கடைன்னு நினைச்சேன்னு நான் போய் யார்கிட்ட சொல்லுவேன், பக்கம் என் பேர்லதானே இருக்கு. உங்க மெயில்ல கம்பெனி அட்ரஸ் கூட இல்ல, ஒரு ஜிமெயில் ஐடியும் ரெண்டு ஸ்மைலியும்தான். ரம்மிய விடுங்க, வெறும் விதைக்கடைன்னே வச்சாலும், காசோ பொருளோ வாங்கிட்டு ஒண்ண சிபாரிசு பண்ணா அத வெளிப்படையா சொல்லணும்னு நுகர்வோர் துறை 2023 ஜனவரிலயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு, ஏமாத்துற விளம்பரம்னு ஆச்சுன்னா முதல் தடவையே பத்து லட்சம் வரைக்கும் போடலாம். நான் வாங்கினது மூவாயிரம்.

அது முடிஞ்சு பத்தே நாள்ல, தளம் வச்சிருக்கவங்களுக்கு கூகுள் தகவல் சொல்ற சர்ச் கன்சோல்ல நோட்டீஸ், உங்க தளத்துல இருந்து இயல்புக்கு மாறான லிங்க்குகள் போகுதுன்னு. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, விதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2012ல காசு குடுத்து எழுத வச்ச பதிவுகள்ல குறி இல்லாத லிங்க் இருந்துச்சுன்னு கூகுள் அவங்களோட குரோம் பக்கத்தையே ரெண்டு மாசத்துக்குக் கீழ தள்ளினாங்க. அடுத்த வருஷம் இங்கிலாந்துல இன்டர்ஃப்ளோரான்னு பூ விக்கிற பெரிய கம்பெனி, பத்திரிகை தளங்கள்ல காசு குடுத்துப் போட்ட விளம்பரக் கட்டுரைங்க விஷயத்துல மாட்டி தேடல்லயே காணாமப் போச்சு, ஆனா ஆள் வச்சு எல்லாத்தையும் சரி பண்ணி பதினோரே நாள்ல திரும்பி வந்துட்டாங்க. எனக்கு ஆள்னா என் பொண்ணுதான், அவளும் நானும் உக்காந்து ஏழு வருஷக் கட்டுரைய ஒண்ணொண்ணா திறந்து பாத்து கூகுளுக்கு மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டு மூணு வாரம் ஆச்சு. சித்திரை வெயில்லதான் மாவுப்பூச்சி கண்டபடி பெருகும், அந்த சமயத்துல தினம் முந்நூறு பேராவது அந்தப் பக்கத்துக்கு வருவாங்க, இப்ப முப்பதத் தாண்டல. மத்தவங்க செடியில பூச்சி இருக்குதான், கேள்விய எங்க கேக்குறாங்களோ தெரியல.

இதுக்கு நடுவுல உங்கள்ல இன்னொருத்தர் நேத்து மெயில் போட்டிருக்காரு, என் "டிஏ" குறைஞ்சுடுச்சாம், அதனால ரேட்டும் குறைச்சுக்கணுமாம். அந்த டிஏங்கிறது (டொமைன் அத்தாரிட்டி) ஒரு தனியார் கம்பெனி தளங்களுக்குப் போடுற மார்க்கு, அதுக்கும் கூகுளுக்கும் சம்பந்தமே இல்லன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா எங்களப் பேரம் பேச அது வேணும். லோன் ஆப்புக்கு ஒரு ரேட், கேசினோவுக்கு ரெண்டு மடங்கு ரேட்னு நீங்களே லிஸ்ட் போட்டு அனுப்புறீங்களே, ரெண்டு மடங்கு எதுக்குன்னு ஒரு நாளாவது உங்க ஆபீஸ்ல யாராவது கேட்டதுண்டா? எல்லாமே விலைக்குன்னு ஆகிப்போச்சு, ஓட்டுக்கு ரேட்டு, ரிவ்யூவுக்கு ரேட்டு, அஞ்சு ஸ்டார் போட்டா பார்சல்ல அம்பது ரூவா கூப்பன், இதுல என் வேப்பெண்ணெய்க்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்கள்ல பாதி பேர் சின்னப் பசங்க, மாசத்துக்கு இத்தனை லிங்க் பிடிச்சாகணும்னு மேல இருந்து டார்கெட்னு தெரியும், உங்க பொழப்பக் கெடுக்க எனக்கு ஆசை இல்ல. தயவுசெஞ்சு கேக்குறேன், காசு குடுத்த லிங்க்குன்னா குறி போட விடுங்க, விளம்பரத்த விளம்பரம்னு எழுத விடுங்க, வித்த எடத்துல வேற கடைய வைக்காதீங்க. உரம், விதை, தொட்டி, பூவாளி எதுவா இருந்தாலும் இப்படி வெளிப்படையா கேட்டு வந்தா, மூவாயிரம் வேணாம், ஆயிரத்துக்கே ஒரு வருஷம் போடுறேன், கடைக்காரர் போன் நம்பரையும் பெருசா போடுறேன்.

ரீஃபண்ட் கேட்ட தம்பிக்கு: மூவாயிரமும் எடுத்து தனியா வச்சிருக்கேன். கம்பெனி பேர், அட்ரஸ், அக்கவுண்ட் நம்பர் மூணும் போட்டு ஒரு மெயில் அனுப்புங்க, அன்னைக்கே அனுப்பிடறேன். இத நான் மெயில்ல கேட்டு அஞ்சு நாள் ஆச்சு, இன்னும் பதில் வரல.

இப்படிக்கு,
சார் இல்லாத ஒரு மாடித்தோட்டக்காரி