பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு

கலமசூ, மிச்சிகன்,
ஞாயிறு காலை

கதிர் கண்ணா,

நீ வாங்கப் பார்க்கிற நான்கு தந்தி டெனர் கிட்டார்களின் ஆறு படங்களையும் பார்த்தேன். கல்யாணத் தரகர் கொண்டுவரும் படங்கள் மாதிரி ஆறிலும் முகம்தான். முகம் லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கிட்டாரின் வண்டவாளம் முகத்தில் தெரியாது, பக்கவாட்டில்தான் தெரியும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் கடைக்குள் நின்றாவது படிப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முதல் டெனர் கிட்டார் வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ காலேஜ் போன வருஷம். வீட்டில் சத்தமே இல்லை. வீணையை எடுத்து மடியில் வைத்தால் முழங்கால் வலி. அப்போது படத்தைப் பார்த்து 140 டாலருக்கு ஹார்மனி கம்பெனியின் பழைய டெனர் ஒன்று வாங்கினேன். விற்றவர் "அப்படியே வாசிக்கலாம்" என்றுதான் எழுதியிருந்தார். பெட்டியைத் திறந்து சுருதி கூட்டிப் பார்த்தால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டின், அதாவது மெட்டின், மேல் தந்தி பரண் மேல் கிடக்கிற மாதிரி கிடந்தது. ஐந்து சென்ட் நிக்கல் காசு மூன்றை அடுக்கி உள்ளே தள்ளினேன், தாராளமாகப் போனது. ஒரு நிக்கல் காசு 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல நிலையில் இருக்கிற கிட்டாரில் தடித்த தந்திக்குக் கீழே ஒரு காசு உரசிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஊரில் கிப்சன் கிட்டார் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். 1984-ல் கிப்சன் நாஷ்வில்லுக்குப் போனபோது கூடப் போகாமல் இங்கேயே நின்றுவிட்டவர்களில் ஒருவர். கண்ணாடியைக்கூடப் போடாமல் அதைத் தூக்கித் துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்தார். "நெக் முன்னால் சாய்ந்துவிட்டது" என்றார். ஃப்ரெட்டுகள் வரிசையாக இருக்கும் கழுத்துக்கட்டைதான் நெக். அதைக் கழற்றி, அடியைச் சீவி, கோணம் மாற்றித் திரும்ப ஒட்டக் கூலி 450 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

அதனால் கடையில் முதலில் செய்ய வேண்டியது இது. நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேலேயே நீளவாக்கில் வை. அதன் முனை பிரிட்ஜ் பக்கம், அதாவது உடம்பின் மேல் தந்தியைத் தாங்கும் கட்டை பக்கம், எங்கே போய் நிற்கிறது என்று பார். உடம்பில் ஒட்டிய பிரிட்ஜ் என்றால், மரக்கட்டையின் மேல் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கட்டையின் நெற்றியில் போய் முட்டினால் நெக் சாய்ந்திருக்கிறது. அந்த வேலைக்கு ஆகும் பணத்தை விலையில் கழித்துக் கேள், இல்லையென்றால் வந்த வழியே வந்துவிடு. இந்தக் காலத்துக் கிட்டாரில் நெக்குக்குள் திருகுகிற கம்பி இருக்கும். அந்தக் காலத்து டெனர்களில் பெரும்பாலும் கிடையாது. ஹார்மனியின் தலையில் "ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்ட் நெக்" என்று பெருமையாக அச்சடித்திருப்பான். உள்ளே ஒரு இரும்புப் பட்டை சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் திருக முடியாது. திருக முடிந்தாலும் வளைவைத்தான் சரி செய்யும், சாய்வை ஒன்றும் செய்யாது. "கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் புன்னகை செய்துவிட்டு ஸ்கேலைப் பையில் போட்டுக்கொள்.

அங்கே இரண்டு இருக்கிறது என்றாயே, அதைப் பற்றி. மார்ட்டின் கம்பெனியின் 0-18டி மாடல் மேல் உன் கண் போயிருப்பது தெரிகிறது. போகாதா பின்னே. நாட்டுப்புறப் பாட்டுக் கோஷ்டி கிங்ஸ்டன் ட்ரியோவின் நிக் ரெனால்ட்ஸ் கையில் இருந்தது அந்த மாடல்தான். ஆனால் அந்த விலைக்கு உன் மூன்று மாத வாடகை போய்விடும். மற்றது, மேலெல்லாம் புலிவரி போட்ட ஹார்மனி. அந்த வரி மரத்தில் பிறந்தது இல்லை, பிர்ச் மரத்தின் மேல் பெயின்ட். அதற்காக அதை மட்டமாக நினைக்காதே. அது உன் ஊர்ச் சரக்கு. 1916-ல் சியர்ஸ் கம்பெனி சிகாகோவின் ஹார்மனியை வாங்கி, கேட்டலாக் வழியாகத் தபாலில் கிட்டார் விற்றது. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தவை அவைதான். ஒலித்துளைக்குள் டார்ச் அடித்துப் பார், எஃப் அல்லது எஸ் எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் முத்திரையாக இருக்கலாம். அந்த இலக்கம் செய்த வருஷம்.

டார்ச் அடிக்கும்போதே உள்ளே ஓடும் குச்சிச் சட்டங்களையும் பார். மேற்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே போ, தேங்காய் வாங்கும்போது தட்டுகிற மாதிரி. ஒரு இடத்தில் மட்டும் படபடவென்று கேட்டால் உள்ளே சட்டம் விட்டிருக்கிறது. அது சின்ன வேலைதான், பயப்படாதே. விரிசலும் அப்படித்தான், ஒழுங்காக ஒட்டியிருந்தால் போதும். மூக்கை வைத்து மோந்தும் பார். பூஞ்சை வாடை அடித்தால் எனக்கு வேண்டாம்.

நான்கு தந்தி இருப்பதெல்லாம் டெனர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பக்கம் தந்தி ஏறி வரும் பள்ளக்கட்டையான நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்து பார், 23 அங்குலத்துக்கு முன்னே பின்னே இருக்கும். 27 பக்கம் போனால் அது பிளெக்ட்ரம் கிட்டார், வேறு ஜாதி. 19 பக்கம் இருந்து நைலான் தந்தியும் போட்டிருந்தால் பாரிடோன் உகுலேலே. அதில் இரும்புத் தந்தி ஏற்றினால் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

ஏன் நான்கே தந்தி என்று கேட்டாய். 1920-களில் ஜாஸ் கோஷ்டிகளில் தாளம் அடித்தது தோல் போர்த்திய டெனர் பாஞ்சோ. பிறகு மைக் வந்தது, ரேடியோ வந்தது, காதுக்கு இதமான கிட்டார் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். பாஞ்சோக்காரர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? விரல் பழகியது நான்கு தந்தியில். அதே நான்கு தந்தி, அதே சுருதி, உடம்பு மட்டும் கிட்டார் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மார்ட்டினும் எங்கள் ஊர் கிப்சனும் 1927-ல் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒப்பேற்றுவதற்காகப் பிறந்த வாத்தியம்தான். ஆனால் 1944-ல் கிட்டார்க்காரர் டைனி கிரைம்ஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரோடு பதிவு செய்தது நான்கு தந்தியில், தேடிக் கேள். ஒப்பேற்றல் மாதிரியா இருக்கிறது?

அந்தச் சுருதி சி, ஜி, டி, ஏ. உனக்கு ஸ்வரத்தில் சொல்கிறேன்: ச, ப, அதற்கு மேல் ரி, அதற்கு மேல் த. ஒவ்வொன்றும் முந்தியதற்குப் பஞ்சமம். நீ வயலின் கற்றது ச-ப-ச-ப. அதனால் கீழே இரண்டு தந்தியில் விரல் தானாக ஓடும், மூன்றாவதில் தடுமாறும். தடுமாறட்டும். சிலர் கிட்டாரின் மேல் நான்கு தந்தி மாதிரி டி, ஜி, பி, ஈ என்று வைப்பார்கள். அதற்குப் பெயரே சிகாகோ ட்யூனிங். உன் ஊர்ப் பெயர் என்பதற்காக அதற்குப் போகாதே. அதற்கு ஆறு தந்திக் கிட்டாரே இருக்கிறதே.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு தப்பு செய்யாதே. நான் செய்தேன். இந்த மாதிரி ஹார்மனியில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். தந்தி வால்பக்கத் தகட்டில் மாட்டியிருக்கும். நான் ஆர்வக்கோளாறில் நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தேன். பிரிட்ஜ் டொக்கென்று கையில் வந்துவிட்டது. எங்கே இருந்தது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது வார்னிஷில் இரண்டு பாத அடையாளம் தெரிந்தது, சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடம் வெளுக்காமல் இருக்குமே, அது மாதிரி. நீ முதலில் காகித டேப் ஒட்டிப் பென்சிலால் குறித்துக்கொள். தந்தியை ஒவ்வொன்றாக மாற்று. ஏ தந்திக்கு .010 அங்குலத் தடிமன், பிறகு .014, .022, .032 போதும். ஏ ரொம்ப உச்சத்தில் நிற்கிற தந்தி, மெதுவாக ஏற்று. அடிக்கடி அறுந்தால் தந்தியைக் குறை சொல்லாதே. அறுந்த இடம் நட் பக்கம் என்றால் அந்தப் பள்ளத்தில் பிசிர் இருக்கும். பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துவிடு.

பிறகு பிரிட்ஜை நிறுத்துவது. இதில்தான் எனக்குக் கிட்டாரின் மேல் மரியாதை வந்தது. பாட்டி வீட்டில் வீணைக்கு மேளம் கட்ட ஒருவர் வருவார், உனக்கு நினைவிருக்காது. மெழுகை இளக்கி, இருபத்துநான்கு மெட்டையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நகர்த்தி வைப்பார். ஒரு பகல் முழுக்க ஆகும். வீணையில் மெட்டு காதுக்கு வளைந்து கொடுக்கும். கிட்டாரில் ஃப்ரெட்டை அடித்து இறக்கியாகிவிட்டது, அது நகராது. நகர்கிறது பிரிட்ஜ் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுவே பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டு, மணி மாதிரி ஒரு ஒலி வரும். அடுத்து அதே இடத்தில் அழுத்தி மீட்டு. அழுத்தின ஸ்வரம் ஏறிக் கேட்டால் பிரிட்ஜை வால் பக்கம் ஒரு மயிரிழை தள்ளு, இறங்கிக் கேட்டால் நட் பக்கம். தடித்த சி தந்திக்கு நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதனால் கடைசியில் பிரிட்ஜ் லேசாகக் கோணலாகத்தான் நிற்கும். கோணலாக இருக்கிறதே என்று நேராக்கிவிடாதே.

ட்யூனர் கருவி வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் காதால் நிறுத்திவிட்டு அப்புறம் அதைப் பார். உன் காது கெட்டுப்போகவில்லை. பதினான்கு வயதில் நீ வயலினை மூடி வைத்தபோது நான் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும். அதை இதில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

தந்தி உயரம் இன்னும் அதிகம் என்று பட்டால், ஒட்டின பிரிட்ஜாக இருந்தால் அதன் மேல் இருக்கிற எலும்புத் துண்டை அடியில் உப்புத்தாளால் தேய்க்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மில்லி இறங்க வேண்டுமென்றால் எலும்பில் 2 மில்லி போக வேண்டும். பழைய துண்டை அப்படியே ஒரு கவரில் போட்டு வை, புதிதாக ஒன்று வாங்கித் தேய். எங்காவது ஸ்வரம் கிர்ரென்று அதிர்ந்தால் உயரத்தை அதிகமாக இறக்கிவிட்டாய் என்று அர்த்தம். தம்புராவுக்கு நூல் வைத்து அந்த ரீங்காரத்தை, ஜீவாவை, வரவழைக்க எவ்வளவு பாடுபடுகிறோம், இங்கே அதுவே நோய்.

பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போடாதே. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தால் போதும். வீணையில் தந்தியை முறுக்குகிற பிரடைக்குப் பதில் இதில் பல்சக்கரம், அதில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். உன் அபார்ட்மென்ட் ஹீட்டர் டிசம்பரில் மரத்தை அப்பளமாக்கிவிடும், அதற்கு முன் பெட்டிக்குள் ஈரப்பதம் 45, 50 சதவீதம் நிற்கும்படி ஏதாவது வாங்கி வை.

மார்ட்டினா ஹார்மனியா என்று நான் சொல்லப் போவதில்லை. ஸ்கேல் சொல்லும். சனிக்கிழமை போகும்போது பாக்கெட்டில் ஒரு நிக்கல் காசும் எடுத்துக்கொண்டு போ. கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் காசை வைத்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா

அப்பா கேட்கச் சொன்னார்: தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டதா?