கட்சி இருக்கட்டும், ஆண்டவர் முதலில்

எலத்தகிரி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மாமரங்கள் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கின்றன. அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ பேசியது இன்னும் மனதில் உறுத்துகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜனங்களைப் பற்றி, "செத்தா சாகட்டும்ப்பா, நாடுதான் முதல்" என்றாய். மறுநாள் பூசையில் சமாதானம் சொல்லும் நேரம், பெரியப்பா மகன் உன்னைப் பார்த்துக் கை கூப்பினான். வேறு கட்சிக்காரன் என்று நீ பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அவன் கூப்பிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டான். பிறகு நீ நற்கருணை வாங்கப் போனாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கட்சியை விடு என்று சொல்லவில்லை. அரசியல் வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். ஆகஸ்ட் 15-ல் மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து கொடியேற்றும்போது நானும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்கிறேன். ஆனால் பூசை முடிந்துதான் கொடி.

ஆஸ்திரியாவில் நம்மைப் போல ஒரு விவசாயி இருந்தார், பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டர். கோவில் வேலையும் பார்த்தவர். 1938-ல் ஹிட்லர் அந்த நாட்டை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டு ஓட்டெடுப்பு நடத்தியபோது, அவர் ஊரில் எதிர்த்து ஓட்டுப் போட்டது அவர் ஒருவர்தான். பிறகு ஹிட்லருக்காகச் சண்டை போட மாட்டேன் என்றார். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். குடும்பத்தை நினைத்துப் பார் என்று ஆயரே சொல்லியும் கேட்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள். அவர் மனைவி பல வருஷம் ஊராரின் பேச்சைச் சுமந்தார். 2007-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் பேராலயத்தில் யேகர்ஸ்டாட்டருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது அந்த அம்மா 94 வயதில் அங்கே இருந்தார். அதை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புனித தேவசகாயமும் திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தைவிட ஆண்டவரைப் பெரிதாக நினைத்ததால்தானே 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டார்.

அந்தக் காலம் வேறு என்பாய். உன்னை யாரும் உயிரைக் கொடுக்கச் சொல்லவில்லை, தம்பி. கட்சியிலிருந்து வருவதை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதற்கு முன், "உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள்" என்றவர் முன்னால் அதை வாய்விட்டு வாசிக்க முடியுமா என்று பார். முடியாது என்றால் அனுப்பாதே. தலைவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

தவக்காலம் வருகிறது. ஈஸ்டருக்கு வரும்போது நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய் அவனிடம் பேசிவிட்டு வா. எவ்வளவு நேரமானாலும் அம்மா சாப்பாடு எடுத்து வைத்திருப்பாள்.

அப்பா