மட்பிளாப் பூட்டியும் பெயின்ற் போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்தால் போதும், திருகோணமலையில் பிக்கப் வைத்திருப்பவர்கள் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கத் தொங்கும் மட்பிளாப் தேடிக் கடை ஏறுவார்கள். வாங்கிய கையோடு மட்காட்டில் துளை போட்டு, கிடைத்த ஸ்குரூவை முறுக்கிக்கொண்டு தம்பலகாமத்துச் சேற்றுக்குள் இறங்கிவிடுவார்கள். தையில் மழை விட்டதும் பார்த்தால் கதவின் அடிப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். மட்பிளாப் பூட்டிய இடத்தைச் சுற்றித்தான் பெயின்ற் கொப்பளித்திருக்கும். 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் ஓடி உழைத்ததெல்லாம் பழைய வண்டிகள். இன்றைய விலையில் அவை இன்னும் பல மாரியைக் கடக்க வேண்டியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

ரயர் எறியும் கல் எங்கே போய் விழும் என்பதை ஒரு நூல் காட்டிவிடும். முன் ரயர் நிலத்தைத் தொடும் இடத்தில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மட்பிளாப்பின் கீழ் விளிம்பைத் தொட்டபடி பின்னோக்கி நேராக இழுத்துப் பாருங்கள். மட்பிளாப் 40 செ.மீ. பின்னால், நிலத்திலிருந்து 18 செ.மீ. உயரத்தில் தொங்கினால், ஒரு மீற்றர் தள்ளி அந்த நூல் 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். அது கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தின் மட்டம். இரண்டு மீற்றரில் 90 செ.மீ. நூலுக்கு மேலே இருப்பது தப்பும், கீழே இருப்பது அடி வாங்கும். அதாவது முன் கதவைக் காப்பாற்றும் அதே மட்பிளாப், பின் சக்கரத்து மட்காட் வளைவின் முன்விளிம்பைக் காப்பாற்றாது. அதற்காக மட்பிளாப்பை நிலத்தில் உரசும்படி நீட்டுவதும் பிழை. ரிவர்ஸ் எடுக்கும்போது ரயர் அதை மிதித்து, மட்காட்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கவசத்தோடு பிடுங்கி எடுத்துவிடும். தார் வீதிக்கு 15 முதல் 20 செ.மீ., கிரவல் வீதிக்கும் வயல் வரம்புக்கும் 25 செ.மீ. என்று இடைவெளி விட்டால் போதும்.

பலர் பின் சக்கரத்துக்கு மட்டும் பூட்டுகிறார்கள். அது பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்குச் செய்யும் உபகாரம், செய்யத்தான் வேண்டும். ஆனால் சொந்தப் பெயின்ற்றைக் காப்பது முன் மட்பிளாப்தான். இன்னொன்று, மட்காட் வளைவின் உச்சியிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் ரயரில் பட்டு வெளியே தள்ளினால், அழகுக்கு மாட்டிய அகல ரயர் மட்காட்டைத் தாண்டி நிற்கிறது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு எந்த மட்பிளாப்பும் முழுப் பலன் தராது. சேறு கண்ணாடி வரை ஏறும்.

ரப்பர் 4 அல்லது 5 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும். பழைய லொறி ரியூப்பை வெட்டிப் போட்டால் வேகத்தில் பின்னால் மடிந்து மேலே எழும்பிவிடும், இருந்தும் இல்லாத மாதிரி. மலிவுப் பிளாஸ்டிக் நம் வெயிலில் ஒரு வருடத்திலேயே வெடிக்கத் தொடங்கும். அகலம் ரயரின் முழு அகலத்தையும் மறைக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ரயர் உரசவில்லை என்று பார்த்த பிறகே ஸ்குரூவை இறுக்குங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். மட்பிளாப்புக்கும் மட்காட் விளிம்புக்கும் நடுவே நுழையும் மண் வெளியே வராது. வண்டி அதிர அதிர ரப்பர் அந்த மண்ணைப் பெயின்ற்றில் வைத்து அரைக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல. தொழிற்சாலைப் பெயின்ற் எல்லாப் பூச்சும் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரோன், ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் தடிப்புத்தான். எத்தனை நாளுக்குத் தாங்கும்? ஆகவே ரப்பர் தொடும் இடமெங்கும் முதலில் இரண்டு அங்குல அகலத்துக்குப் பெயின்ற் பாதுகாப்புப் பிலிம் ஒட்டுங்கள். ஸ்குரூ வரும் இடங்களில் 3 மி.மீ. தடிப்பு ரப்பர் வோஷர் வைத்துத் தூக்கிப் பூட்டினால், ஹோஸ் பிடிக்கும்போது தண்ணீர் உள்ளே போய் மண்ணை அள்ளிக்கொண்டு வெளியே வரும். இடைவெளியை அடைக்கிறோம் என்று ஸ்பொஞ்ச் ரேப் ஒட்டுவதுதான் ஆகக் கெட்ட வேலை. ஸ்பொஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். வளைவின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டிகளுக்குள்ளும் இதே கதைதான், வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் உள்ளே நடப்பது தெரியவே தெரியாது.

கூடுமானவரை பிளாஸ்டிக் கவசத்தில் ஏற்கெனவே இருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள். புதுத் துளை போடத்தான் வேண்டுமென்றால் பிசிறை அராவி, வெறும் தகடு தெரியும் விளிம்பில் சிங்க் பிரைமர் என்ற கறள் தடுக்கும் அடிப்பூச்சைத் தடவி, காய்ந்த பின் கலர் தொட்டு, ஸ்குரூவில் கிரீஸ் பூசி முறுக்குங்கள். இதற்குப் பத்து நிமிடந்தான். காயும் நேரந்தான் பலருக்குப் பொறுக்காது.

நூல் காட்டிக்கொடுத்த பின்சக்கர வளைவின் முன்விளிம்புக்கும் கதவுக்குக் கீழுள்ள சட்டத்துக்கும் பிலிம்தான் மருந்து. 200 மைக்ரோன் அளவு தடிப்புள்ள யூரிதேன் பிலிம் கேட்டு வாங்குங்கள். சாதாரண பீவீசீ மஞ்சளாகி, உரிக்கும்போது துண்டு துண்டாக வரும். நிழலில் வைத்து, தார்ப்புள்ளிகளை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, ஷாம்பூ போட்டுக் கழுவிய பின், துளி ஷாம்பூ கலந்த தண்ணீரைப் பெயின்ற்றிலும் பிலிமின் பசைப் பக்கத்திலும் தெளித்து ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். பிலிமைத் தகட்டின் விளிம்புக்கு 2, 3 மி.மீ. உள்ளே நிறுத்தினால் ஓரம் கிளம்பாது. ஒட்டிய முதல் வாரம் பிரஷர் கன் கிட்ட வரக்கூடாது.

கழுவுவதில் நம் ஊருக்கென்று சில சங்கதிகள் உண்டு. புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைற்றோடு சிர்க்கோன் என்ற கடினமான கனிமமும் இருக்கிறது. சிர்க்கோன் கண்ணாடியையே கீறும். அந்தப் பக்கம் போய் வந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பவர் தன் கையாலேயே பெயின்ற்றைக் கெடுக்கிறார். முதலில் தண்ணீரை மேலிருந்து ஓடவிட்டு ஊறவைத்து, மட்காட் உட்புறத்தை அடித்துக் கழுவிய பிறகே துணி தொட வேண்டும். பிரஷர் கன்னை ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில், விரிந்து அடிக்கும் முனையோடு பிடியுங்கள். கல் தெறித்த காயத்தின் ஓரத்தில் ஊசி போல அடித்தால் பெயின்ற் செதில் செதிலாகக் கிளம்பும். பாத்திரம் கழுவும் திரவம் மெழுகுப் பூச்சை அகற்றிவிடும், வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூவையே போடுங்கள்.

படகு இழுக்கக் கடற்கரையில் இறங்கிய வண்டியை அன்றைக்கே கழுவ வேண்டும், மறுநாள் என்று வைக்க முடியாது. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். ஆகவே மழையே இல்லாமல் கொட்டிலுக்குள் நிற்கும் வண்டியும் கறள் பிடிக்கும். கழுவுகிற தண்ணீரையும் பாருங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். கடைசி இரண்டு வாளியாவது பைப் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஆகட்டும். மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் ஐஸ் உருகி வடியும் பின் கதவு மூலைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடிப்பக்கம் கழிவு ஒயில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், முதல் மழையில் பாதி கழன்று வாய்க்காலுக்குப் போகும். மீதியில் மண் ஒட்டிக்கொள்ளும்.

கல் தெறித்த இடத்தில் சாம்பல் நிறப் பிரைமர் மட்டும் தெரிந்தால் மழை விடும் வரை பொறுக்கலாம். தகடு மின்னினால் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, நிறமற்ற நகப்பூச்சையாவது ஒரு துளி வைத்துவிடுங்கள். கழுவாமல் வைத்தால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும், அடியிலேயே கறள் பரவும். வெயில் வந்ததும் அதைச் சுரண்டிவிட்டு, பிரைமர், கலர், கிளியர் எனும் நிறமற்ற மேற்பூச்சு என்று பல்குத்தும் குச்சி நுனியால் துளித் துளியாக வையுங்கள். தூரிகை அதிகம் பூசிவிடும். கலர் இலக்கம் கதவுச் சட்டத்திலோ பொனற்றின் உள்ளேயோ இருக்கும் தகட்டில் எழுதியிருக்கும்.

கழுவி முடித்ததும் கதவுகளின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகளை ஒரு தென்னை ஈர்க்கால் குத்திப் பாருங்கள். தண்ணீரோடு களி வந்தால், கதவு உள்ளிருந்து ஊறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

இங்ஙனம்,
டிங்கரிங், பெயின்ற் வேலை செய்வோர்,
திருகோணமலை.