நம் ஊரின் நிலத்தடி நீர்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புடைய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளிக் குழாய்களில் வரும் குடிநீரும் உங்கள் வீடுகளுக்கு வரும் குடிநீரும் இந்த ஊரின் மண்ணுக்கு அடியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. இந்த நீர் கெட்டுப்போனால் நம்மைப் போன்ற சிற்றூருக்கு உடனடியாக வேறு ஆதாரம் கிடைக்காது. ஆகவே தேர்வு, விடுமுறை பற்றிய அறிவிப்புகளை வகுப்பாசிரியர்களிடம் விட்டுவிட்டு, இம்மாதக் கடிதம் முழுவதையும் இந்த ஒரு பொருளைப் பற்றியே எழுதுகிறேன்.

எதைக் கொட்டினாலும் மண் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நுண்மணலும் களிமண்ணும் கலந்த அடுக்குகளின் வழியே மெல்ல இறங்கும் நீரிலிருந்து கிருமிகளில் பெரும்பகுதி இடையிலேயே தங்கி மடிந்துவிடும். ஆனால் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் உருவாகும் நைட்ரேட் நீரில் முழுவதும் கரைந்து விடுவதால் மண் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. பாறை வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்கும் நீரோ வடிகட்டப்படுவதற்கு அவகாசமே இல்லாமல் ஆழத்தை அடைந்துவிடுகிறது. அதே சமயம், மணற்பாங்கான பல இடங்களில் நிலத்தடி நீர் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் தூரமே நகர்கிறது என்பதால், இன்று கொட்டிய ஒன்று பல ஆண்டுகள் கழித்துக் குழாயில் வந்து சேரலாம். அப்போது கொட்டியவர் யார் என்று கண்டுபிடிப்பது அரிது. நிலத்தடி நீரை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதோ ஒரு சிற்றூரின் சக்திக்கு மீறிய செலவு.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த வாக்கர்டன் என்னும் சிற்றூரில் நடந்ததைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில், அருகிலிருந்த பண்ணை நிலத்தில் இடப்பட்டிருந்த மாட்டெருவிலிருந்து கொடிய வகை ஈ.கோலை கிருமி, ஊருக்கு நீர் வழங்கிய ஆழம் குறைந்த கிணறு ஒன்றில் கலந்தது. நீரில் குளோரின் போதிய அளவு கலக்கப்படவில்லை. கண்காணிப்பும் முறையாக நடக்கவில்லை. 7 பேர் உயிரிழந்தார்கள், 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பின்னர் நடந்த நீதி விசாரணை, எரு இட்ட விவசாயி உரிய முறைப்படியே நடந்துகொண்டார் என்றும் அவர்மீது குற்றமில்லை என்றும் தெளிவாகக் கூறியது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே, கிணறு அமைந்த இடமும் அதைச் சுற்றி நடந்த அன்றாட வேலைகளும் ஓர் ஊரையே வீழ்த்திவிட்டன. அதன் பிறகு 2006ஆம் ஆண்டில் அந்த மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி, ஊர்க் கிணற்றைச் சுற்றி முதலில் 100 மீட்டர் வளையமும், நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய 2, 5, 25 ஆண்டுகள் ஆகும் எல்லைகள் வரை அடுத்தடுத்த வளையங்களும் வரையப்பட்டு, எங்கே எதைச் செய்யலாம் என்பது முறைப்படுத்தப்படுகிறது.

நம் ஊரில் முதலில் கவனிக்க வேண்டியவை கைவிடப்பட்ட கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும்தான் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் வற்றியதும் மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டு, துளையின் வாயில் ஒரு சாக்கையோ கல்லையோ வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். திறந்த கிணறாக இருந்தால் அது நாளடைவில் குப்பைக் குழியாகிவிடுகிறது. மண்ணடுக்குகளைக் கடக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் வழியை அந்தத் துளை சில நிமிடங்களில் திறந்துவிடுகிறது. சாக்கடை நீரும் தொழுவத்துக் கழிவும் பூச்சிமருந்து கலந்த வயல்நீரும் அதன் வழியே நேராக நாம் குடிக்கும் நீரோடு கலக்கின்றன. இத்தகைய துளையைக் குப்பை கொண்டு தூர்க்கக் கூடாது. விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு அடியிலிருந்து மேல்வரை களிமண்ணாலோ சிமென்ட் கலவையாலோ அடைக்க வேண்டும். குழந்தைகள் தவறி விழும் ஆபத்தும் அதனோடு நீங்கும்.

பயன்பாட்டில் உள்ள கிணற்றையும் அடுத்த மழையின்போது அருகில் நின்று பாருங்கள். கேசிங் குழாய் தரைமட்டத்துக்கு மேல் நன்கு உயர்ந்து நிற்கிறதா, அதைச் சுற்றியுள்ள சிமென்ட் மேடையில் விரிசல் இருக்கிறதா, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே நீர் சுழன்று இறங்கும் இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். மழைநீர் மேடையிலிருந்து விலகி ஓட வேண்டும். அதன் ஓரத்திலேயே தேங்குமானால் அந்தக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பருகாதீர்கள். செப்டிக் டேங்கின் அடித்தளம் பூசப்படாமல் விடப்பட்டிருந்தாலும், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் கொல்லைப்புற மண்ணில் ஊற்றப்பட்டாலும், அந்தக் கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் இதற்கு வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அந்த நீர் தெளிவாகவே இருக்கும், வாடை எதுவும் வீசாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகுமே தவிர நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சொந்தக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் ஆய்வகப் பரிசோதனையைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

இக்கடிதத்துடன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தயாரித்த படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறோம். உங்கள் இடத்தில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ளதா, அது பயன்பாட்டில் இருக்கிறதா, வாய் எவ்வாறு மூடப்பட்டிருக்கிறது, கழிவுத் தொட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்பவையே அதிலுள்ள கேள்விகள். வீட்டில் உள்ள முதியவர்களிடம், முன்பு கிணறு இருந்து மேலே கட்டடம் எழும்பிய இடங்களையும், எரிபொருளோ கழிவோ கொட்டிவைக்கப்பட்ட இடங்களையும் கேட்டு எழுதுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத செய்திகள் அவர்களுடைய நினைவில் இருக்கின்றன. மாணவர்கள் இவற்றை ஊர் வரைபடத்தில் வீட்டுக்காரர் பெயரின்றிக் குறித்து, குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் ஒப்படைப்பார்கள். யாரையும் குறைகூறுவதற்காக இதைக் கேட்கவில்லை என்பதை நம்புமாறு வேண்டுகிறேன்.

படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அளவெடுப்பதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் பெரியவர்களின் வேலையாகவே இருக்கட்டும். பிள்ளைகள் தள்ளி நின்று எழுதிக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்